பை எடை போக மூன்று கிலோ

அந்தத் தெருவில் செக்கிங் அக்கா வீடு எது என்று கேட்டால், நடக்கப் பழகுகிற குழந்தைகூடக் கை காட்டும். அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. வீட்டு வரி ரசீதில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். உடுப்பு தைக்கிற கம்பெனியில் பத்தொன்பது வருஷம் செக்கிங் மேசையில் நின்றவள். ஒரு சட்டையை எடுத்து ஒரு உதறு உதறினால் போதும். காலரில் விட்டுப்போன தையல், பொத்தானுக்கு அடியில் தொங்குகிற நூல், கைமடிப்பில் அரை விரல் கோணல், எல்லாம் தானாக எழுந்து வந்து அவள் முன்னால் கைகட்டி நிற்கும். அவள் கை வழியாகப் போன பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஒருமுறை முதலாளியே இறங்கி வந்து, "இன்னிக்கு வண்டி போயாகணும், கொஞ்சம் கண்ணை மூடிக்கோம்மா" என்றார். "கண்ணை மூடிக்கறதுக்கா சார் சம்பளம் குடுக்கறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு வண்டி போகவில்லை. அந்த வருஷம் அவளுக்குச் சம்பள உயர்வும் வரவில்லை.

கம்பெனியை இழுத்து மூடியபோது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கூட வேலை பார்த்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்திவிட்டுப் போனார்கள். அவள் மூன்று நாள் காளான் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டுக்குப் பின்னால், ஒரு காலத்தில் வேன் நின்ற கொட்டகை ஒன்று இருந்தது. அதைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, சன்னலுக்குக் கொசுவலை கட்டி, சுவரோரம் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டாள். கூரைக் கம்பியிலிருந்து முப்பது கயிறு, கயிற்றுக்கு நாலு பை, ஆக நூற்றிருபது பை. வெந்நீரில் ஊறவைத்து வடித்த வைக்கோலைப் பையில் அடுக்கடுக்காகப் போட்டு, அடுக்குக்கு அடுக்கு காளான் வித்தைத் தூவிக் கட்டித் தொங்கவிட்டால், இருபது நாளில் உள்ளே முழுக்க வெள்ளை இழை ஓடிவிடும். அப்புறம் பையில் குத்திய ஓட்டைகள் வழியாகச் சிப்பிக்காளான் கொத்துக் கொத்தாக எட்டிப் பார்க்கும். சட்டையில் குற்றம் கண்டுபிடித்த அதே கண்ணால் அவள் இப்போது காளானைப் பார்த்தாள். ஓரம் சுருண்டது, நிறம் மங்கியது, ஒரு நாள் முற்றியது, எதுவும் கூடைக்குப் போகாது.

அவள் கணவருக்கு ஊரில் எடைக்காரர் என்று பெயர். முப்பத்தொரு வருஷம் லாரி எடைமேடையில் உட்கார்ந்திருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். பாரத்தோடு வருகிற லாரியை நிறுப்பார், காலி லாரியின் எடையைக் கழிப்பார், மிச்சத்தைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஏதோ நாட்டின் எல்லையையே காத்துவிட்டு வந்தவர் மாதிரி பேசுவார். "கிளீனர் பையன் இறங்காம உள்ள படுத்திருந்தாகூட முள்ளு என்கிட்ட சொல்லிடும்" என்பார். மனைவி காளானில் இறங்கியதும், அந்தக் கொட்டகையில் தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். மூலையில் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் ஒரு மின்தராசு. கட்டுகிற ஒவ்வொரு பையும் அதில் ஏறி இறங்கித்தான் கயிற்றுக்குப் போகும். அது தேவையே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்த மனிதருக்கு அது தேவை என்பதும் தெரியும்.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. மூன்றாவது வருஷ மழையில் பச்சைப் பூஞ்சை வந்தது. முதலில் ஒரு பையின் அடியில் சுண்டுவிரல் நகம் அளவு. மறுநாள் உள்ளங்கை அளவு. அதற்கு மறுநாள் பக்கத்துக் கயிறு. வெள்ளை இழையை அது தின்றுவிட்டு, பச்சை மாவைப் பூசிவிட்டுப் போகும். வெந்நீரை இன்னும் கொதிக்கவிட்டாள். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்தாள். உள்ளே போகுமுன் காலைக் கழுவு, கையைக் கழுவு என்று எடைக்காரர் உயிரை எடுத்தாள். நூற்றிருபது பையில் எழுபது போனது. அடுத்த மழையில் எண்பது போனது. வெளியே குழியில் கொட்டிவிட்டு வந்து, வெறும் கயிறுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு சொன்னாள்:

"ஏங்க, வர்ற மழைக்கும் பச்சை வந்துச்சுன்னா நான் இதை மூடிடறேன். பாதி சரக்கு கழிசலா போற எடத்துல என்னால நிக்க முடியாது."

அவள் ஒன்றை மூடுகிறேன் என்று சொல்லி எடைக்காரர் அதுவரை கேட்டதே இல்லை.

அந்த நிலையில்தான் காளான் ஆராய்ச்சி நிலையத்துக்கு இரண்டு பேரும் போனார்கள். அங்கே ஒரு பெண் விஞ்ஞானி. முப்பத்தைந்து வயது இருக்கும், வெள்ளைக் கோட்டுப் பையில் எப்போதும் நாலு பேனா. எல்லாரும் மேடம் என்பார்கள்.

"மேடம், பச்சை போகுமா போகாதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றாள் அக்கா.

"ஒரே வார்த்தையில சொல்ற மாதிரி இருந்தா நான் எதுக்குக்கா இத்தனை வருஷம் படிச்சேன்? உக்காருங்க" என்றார் மேடம். "செலினியம்னு ஒரு தாது இருக்கு. நம்ம உடம்புக்கு வேணும், ஆனா துளியூண்டு. வைக்கோல்ல கலந்து விட்டா காளான் அதை உறிஞ்சித் தனக்குள்ள வச்சுக்கும். எங்க ஆய்வுக்கூடத்துத் தட்டுல சரியான அளவு வச்சுப் பாத்தோம். பச்சைப் பூஞ்சை தயங்குது, காளான் தயங்கல. காளான்ல சத்தும் ஏறுது. தட்டுல நடந்தது கொட்டகையில நடக்குமான்னு பாக்கணும். நீங்க பாக்கறீங்களா?"

"அளவு கூடினா?"

மேடம் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. அத்தனை பேரும் விளைச்சல் எவ்வளவு கூடும் என்றுதான் முதலில் கேட்டார்களாம்.

"கூடினா சத்து இல்லக்கா, நஞ்சு. ஒரு நாள் சாப்பிட்டு ஒண்ணும் ஆகாது. தினம் தினம் கூடுதலா உள்ள போனா முடி கொட்டும், நகம் உடையும், நரம்பு கெடும். அதனாலதான் தூளா குடுக்காம கரைசலா குடுக்கறேன். உலர்ந்த வைக்கோல் ஒரு கிலோவுக்கு ஒரு சிரிஞ்சு, தண்ணில கலந்து தெளிக்கணும். கையுறை போட்டுக்குங்க, கேனைப் பூட்டி வைங்க. முதல் பறிப்பை விக்கவும் கூடாது, திங்கவும் கூடாது. மாதிரி கொண்டாந்து குடுங்க. நான் சோதிச்சு சரின்னு சொன்னா, ரெண்டாம் பறிப்புல இருந்து விக்கலாம். கொட்டகையில பூண்டு வாசம் வந்தா உடனே ஃபோன் பண்ணுங்க. செலினியம் அதிகமானா அப்படித்தான் காட்டிக் குடுக்கும். இந்தக் கேன் உங்களுக்கு மூணு தடவைக்கு வரும்."

இவ்வளவும் அக்கா கேட்டாள். எடைக்காரர் கேட்டது சிரிஞ்சு வரைக்கும்தான். அதற்குள், வாசலில் உரமூட்டை நிறுக்கிற தராசு நாற்பது கிராம் கூடுதலாகக் காட்டுகிறது என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வெளியே போய்க் காவலாளியிடம் வம்பு வளர்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது கேனும் அச்சடித்த தாளும் மேசையில் இருந்தன. இரண்டையும் பொறுப்பாக வாங்கிக்கொண்டார்.

மழைக்கு முன்னால் பை கட்டினார்கள். பத்துப் பைகளை மட்டும் மருந்து இல்லாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒதுக்கி வைத்தார்கள். மீதி நூற்றுப் பத்துக்கும் மருந்து. வேலைப் பங்கீடு இயல்பாக அமைந்தது: வித்து அவள் கை, அளவு அவர் கை. அவர் முதல் பையைத் தராசில் வைத்து, முள் இல்லாத அந்தத் தராசை முள் இருக்கிற மாதிரியே குனிந்து பார்த்தார்.

"ஏங்க, பைக்கு வைக்கோல் எவ்வளவு?"

"மூணு கிலோ. பை எடை போக!" என்றார். அந்தப் பதினெட்டு கிராம் பிளாஸ்டிக்கைக் கழித்ததில் குரலில் அப்படியொரு மிடுக்கு.

அவள் நோட்டில் மூன்று என்று எழுதிக்கொண்டாள். அவர் பைக்கு மூன்று சிரிஞ்சு எடுத்தார், தண்ணீரில் கலந்தார், தெளித்தார். நூற்றுப் பத்துப் பைக்கும் ஒரு சொட்டு கூடவில்லை, ஒரு சொட்டு குறையவில்லை. முடிந்ததும் கேனை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பையில் இருந்தது ஒரு கிலோ வைக்கோலும் இரண்டு கிலோ தண்ணீரும் என்பது அந்த இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. காளான்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். "மூணு கிலோ பை" என்றுதான் பேச்சு, அதையே பேசிப் பேசித் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

மழை வந்தது. பச்சை வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், அவள் டார்ச் அடித்து அடித்துப் பார்த்தாள். மருந்து இல்லாத பத்துப் பையில் ஏழு பச்சையாகிவிட்டன. நூற்றுப் பத்தில் ஒன்றில்கூட ஒரு புள்ளி இல்லை. இழை சுவர் மாதிரி வெள்ளையாக இறங்கியது. மொட்டு விட்டபோது தெருவே வந்து எட்டிப் பார்த்து மூக்கில் விரல் வைத்தது. பெரிய ஆஸ்பத்திரியின் உணவுப் பிரிவு அதிகாரி, கண்ணாடி போட்ட கறாரான அம்மாள், நேரில் வந்து பார்த்துவிட்டு, சோதனை அறிக்கை சரியாக இருந்தால் நோயாளிகளின் சமையலுக்கு வாராவாரம் இங்கிருந்துதான் காளான் என்று சொல்லிவிட்டுப் போனார். எடைக்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. "அளவு யாருது?" என்று போவோர் வருவோரிடம் கேட்டுவிட்டு, பதிலையும் தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

மாதிரி எடுத்துப் போகிற நாள் காலையில் அக்கா கொட்டகைக் கதவைத் திறந்தவள், வாசலிலேயே நின்றாள்.

"பூண்டு உரிச்சீங்களா?"

"நான் எதுக்கு உரிக்கறேன்? நீதான் நேத்து ராத்திரி பூண்டுக் குழம்பைக் கிண்ணம் கிண்ணமா சாப்பிட்ட."

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய், ஒவ்வொரு கயிறாக முகர்ந்துகொண்டு வந்தாள். மருந்தில்லாத பைகளிடம் அந்த வாசம் இல்லை. மருந்து விட்ட பைகளிடம் இலேசாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. அவள் திரும்பிக் கையை நீட்டினாள்.

"சாவி குடுங்க."

அலமாரியைத் திறந்து கேனைத் தூக்கினாள். தூக்கின வேகத்தில் கை மேலே போய்விட்டது, அவ்வளவு இலேசாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் இரண்டு விரல் உயரம்தான்.

"இது மூணு தடவைக்குங்க."

எடைக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். மேசை இழுப்பறையிலிருந்து அச்சடித்த தாளை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். உலர்ந்த வைக்கோல் ஒரு கிலோவுக்கு. பெரிய எழுத்தில்தான் போட்டிருந்தது. வைக்கோல் கட்டு மூலையில் இருந்தது, தராசும் பக்கத்திலேயே இருந்தது. நனைக்காத வைக்கோலை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தூக்கி வைத்திருந்தால் போதும். காலி லாரியின் எடையைக் கழிக்காமல் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு சீட்டு எழுதியதில்லை அவர். பதினெட்டு கிராம் பிளாஸ்டிக்கைக் கழித்தார், இரண்டு கிலோ தண்ணீரைக் கழிக்கவில்லை. அவர் அப்படியே வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மார்க்கெட் வியாபாரி கூடைகளோடு வந்து சேர்ந்தான். வாராவாரம் வருகிறவன், வீட்டு மனிதன் மாதிரி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, தொங்குகிற கொத்துகளை அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"என்னக்கா இது, இதுக்குப் போயி. இப்படி ஒரு சரக்கை நான் பாத்ததே இல்ல. என்கிட்ட தள்ளிவிடுங்க, மத்த காளானோட கலந்துட்டா யாருக்குத் தெரியப்போவுது? ஆஸ்பத்திரிதான் வேணும்னாலும் வழி இருக்கு. அந்தக் கடைசிக் கயித்துல மருந்து போடாத பை மூணு நல்லாத்தானே இருக்கு? அதுல இருந்து மாதிரியைக் கிள்ளிக் கொண்டுபோய்க் குடுங்க. அண்ணே, நீங்களாவது சொல்லுங்க."

அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவர் கண் கடைசிக் கயிற்றுக்குப் போனது உண்மை. தன் தப்பு தன் கண் முன்னாலேயே காணாமல் போய்விடும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததை அவரும் பார்த்தார். அந்த வெட்கம் அவரை அப்புறம் பல நாள் விடவில்லை.

"ஆஸ்பத்திரியில இதைச் சாப்பிடறவங்க யாருப்பா?" என்று அவள் வியாபாரியைக் கேட்டாள். "மெனு கார்டு பாத்து வேணும் வேணாம்னு சொல்றவங்களா? படுத்தபடியே வாயைத் திறக்கறவங்க. கூடையை எடுத்துக்கிட்டுக் கெளம்பு. அடுத்த மாசம் வா."

முதல் ஃபோன் மேடத்துக்கு. இரண்டாவது ஆஸ்பத்திரிக்கு. "என் பக்கத்துல தப்பு நடந்துபோச்சுங்க, இந்தச் சரக்கு வேணாம்" என்றாள். யார் பக்கம், எந்தக் கை, ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கறாரான அம்மாள் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மாலைக்குள் ஆராய்ச்சி நிலையத்து வண்டி வந்தது. எருக்குழியில் கொட்டக் கூடாது, மாட்டுக்கும் போடக் கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார். நூற்றுப் பத்துப் பையையும் அவளே கயிற்றிலிருந்து இறக்கினாள். கொத்துகள் ஒன்றுகூட உடையாமல் இறக்கினாள். வண்டி போனதும் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்து அழுதாள். பெரிய சத்தம் இல்லை, ஆனால் நன்றாக அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

தெரு சும்மா இருக்குமா? செக்கிங் அக்கா காளானில் விஷம் கலந்துவிட்டாளாம் என்று தெருக்கோடிக்குப் போவதற்குள் கதை கை கால் முளைத்துவிட்டது. மூன்று பைக் காளானை, மருந்து வாடையே படாததை, எடுத்துக்கொண்டு போனால்கூட, "இன்னிக்கு வேணாம்க்கா" என்று கதவு பாதிதான் திறந்தது. எடைக்காரர் வெளியே தலை காட்டவில்லை. கொட்டகைப் பக்கமே போகவில்லை. தராசை ஒரு துணியால் மூடி வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து அவள் வந்து அந்தத் துணியை எடுத்தாள்.

"வைக்கோல் வந்திருக்கு. மேடம் வேற கேனும் குடுத்திருக்காங்க. வாங்க, நிறுக்கணும்."

"நீயே நிறுத்துக்கோ. இனிமே நான் தராசைத் தொட மாட்டேன்."

"அப்போ இந்தக் கொட்டகையில ரெண்டு பேருக்குமே வேலை இல்ல. நீங்க மூணுன்னு சொன்னீங்க, நான் எழுதிக்கிட்டேன். எழுதறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டேனா? எங்க கம்பெனியில தைச்சவங்க பேர்ல தப்பு எழுத மாட்டாங்க, தெரியுமா? பாஸ் பண்ணி விட்டவ பேர்லதான் எழுதுவாங்க. நான் பாஸ் பண்ணி விட்டேன். எழுந்து வாங்க."

எழுந்து போனார். இந்தத் தடவை வைக்கோலை நனைப்பதற்கு முன்னாலேயே ஒரு கிலோ ஒரு கிலோவாக நிறுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி வலைப்பையில் கட்டி, அப்படியே ஊறவைத்தார். ஒரு வலைப்பைக்கு ஒரு சிரிஞ்சு. ஊறின பிறகு தராசுப் பக்கமே எதையும் கொண்டுபோகவில்லை. அவள் ஒவ்வொரு வலைப்பையையும் அவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினாள். கேட்கக் கேட்க அவருக்குக் கோபம் வரும் என்று அவரே எதிர்பார்த்தார், வரவில்லை.

மழை இன்னும் ஓயவில்லை. நூற்றிருபதில் ஒன்பது பையில் பச்சை வந்தது. முன்னே எண்பது போன இடத்தில் ஒன்பது. அவள் அந்த ஒன்பதையும் தூக்கிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சிரித்தாள். கொட்டகையில் நனைந்த சாக்கு வாசமும் காளான் வாசமும்தான் இருந்தன. மாதிரியை மேடம் எடுத்துப் போனார், பதின்மூன்று நாள் கழித்து அறிக்கை வந்தது. செலினியம் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு இருந்தது. கறாரான அம்மாள் அறிக்கையை இரண்டு தடவை படித்தார், சந்தேகம் தீராமல் தானும் ஒரு மாதிரியை வேறு இடத்துக்கு அனுப்பினார். அதுவும் சரியாக வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி வண்டி வந்து நின்றது. தெருக்கதவுகள் மெதுவாக முழுசாகத் திறந்தன. கொட்டகை மூடப்படவில்லை. செக்கிங் அக்கா தன் கையால் அடுக்கிய முதல் கூடை அந்த வண்டியில் ஏறியபோது, எடைக்காரர் வாசலில் நின்று பார்த்தார். இந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டவன் நான் என்று கூவ வேண்டும் போல இருந்தது அவருக்கு. கூவவில்லை, போய் வண்டியின் கதவைத் தானே சாத்தினார்.

அடுத்த மாதம் ஆராய்ச்சி நிலையத்தில் காளான்காரர்கள் கூட்டம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். அதில் பாதிப்பேர் புதிதாகக் கரைசல் வாங்கி, முதல் தடவை பை கட்டியிருப்பவர்கள். தாளில் உலர்ந்த வைக்கோல் என்பதை மேடம் இப்போது சிவப்பில் அச்சடித்திருந்தார். அக்காவை மேடையில் ஏற்றிப் பேசச் சொன்னார்கள். அவள் நல்லதையும் சொன்னாள், நூற்றுப் பத்துப் பையை வண்டியில் ஏற்றியதையும் சொன்னாள்.

"அளவு தப்பாயிடுச்சு. ஈர வைக்கோல் எடைக்கு மருந்து விட்டுட்டோம். மூணு மடங்கு ஏறிப்போச்சு."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மூணு மடங்கு மருந்து ஊத்தின அந்த மகாராசன் யாருக்கா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அக்காவும் சிரித்தாள். "பாஸ் பண்ணி விட்டது நான். அவ்வளவு போதும். அடுத்த கேள்வி கேளுங்க" என்றாள்.

எடைக்காரர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். இத்தனை மாதமும் அவள் அவரைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டே நடந்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நான்தாங்க நிறுத்தேன். முப்பத்தொரு வருஷம் எடைமேடையில இருந்தவன். பை எடையைக்கூடக் கழிச்சேன், தண்ணியைக் கழிக்கல. மூணு கிலோ பைன்னா மூணு கிலோ வைக்கோல்னு நெனச்சுக்கிட்டேன். தாளைப் படிக்கல. அவ பேர்ல ஒரு தப்பும் இல்ல. என் பொண்டாட்டி மட்டும் மூக்கைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொரு கயிறா நடக்கலைன்னா, அது ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மேடையில் அவள் மைக்கைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது, தலை நிமிர்ந்திருந்தது.

அப்போது பின்வரிசையில், கேலி செய்த அதே ஆள், மெதுவாக எழுந்தான். இளவயசு, சட்டைக் கையில் சுண்ணாம்புக் கறை. முகத்தில் ரத்தம் இல்லை.

"ஐயா... பை எடைக்கு இல்லையா அப்போ? நானும் பைக்கு மூணு சிரிஞ்சுதான் விட்டேன். இன்னிக்குக் காலையில முதல் பறிப்பு எடுத்தேன். விக்கத்தானே கூடாதுன்னு..." அவன் முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "எங்க வீட்டுல மாசமா இருக்கா. சத்துன்னு சொன்னாங்களேன்னு, அவளுக்கு ஆக்கிக் குடுக்கச் சொல்லி அம்மாகிட்ட குடுத்துட்டு வந்தேன்."

எடைக்காரர் வரிசையைத் தாண்டி அவனிடம் போனது அவருக்கே தெரியாது. அவன் சட்டைப் பையிலிருந்த ஃபோனை அவரே எடுத்து அவன் கையில் திணித்தார். மேடம் மேடையிலிருந்து, ஒரு வேளைக்கு ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம், ஆனால் சாப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். அவன் அம்மாவைக் கூப்பிட்டான். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

"அம்மா, அந்தக் காளான்..." என்றான் அவன். அப்புறம் கேட்டுக்கொண்டே நின்றான். கேட்கக் கேட்கத் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின.

"இப்பதான் நறுக்கி வச்சிருக்காங்களாம்" என்றான். "இன்னும் அடுப்பு பத்த வைக்கலையாம்."